பேய் ஏறிய ஐம்பத்தைந்து முறை

பன்னிரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு லிஃப்ட். காலை ஏழிலிருந்து எட்டு வரை அதற்காக நடக்கும் சண்டையைக் கேட்டால் குடியிருப்பில் யாருக்கும் யாரையும் பிடிக்காது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. லிஃப்ட் தாமதத்துக்குக் காரணம் ஒன்பதாம் மாடி கேக் அக்கா.

கேக் அக்கா வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். தினமும் ஏழே கால் மணிக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு வருவார். கதவு மூடாமல் இருக்க ஒரு செருப்பைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டு வண்டியை உள்ளே ஏற்றுவார். உள்ளே நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள். கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டார்: அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் ஏழிலிருந்து எட்டு வரை லிஃப்டில் தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை.

நாலாம் மாடியில் இருந்த அக்கா தங்கை இருவருக்கும் அதைப் படித்ததும் பரம சந்தோஷம். பெரியவளுக்குப் பதினொரு வயது. அந்த மாதத்தில் இரண்டு முறை பள்ளிக்குத் தாமதமாகப் போய் வகுப்புக்கு வெளியே நின்றவள். அவளுடைய கணக்கு மிஸ் அந்த வாரம் ஒரு வேலை கொடுத்திருந்தார். வீட்டைச் சுற்றி நடக்கும் ஏதாவது ஒன்றை ஐந்து நாள் அளந்து எழுதி வர வேண்டும்.

"நான் கேக் அக்காவ அளக்கப் போறேன்," என்றாள் பெரியவள். "எவ்ளோ நேரம் வீணாக்குறாங்கன்னு எழுதிக் காட்டினா, யாரும் வாய் திறக்க முடியாது."

திங்கட்கிழமை ஏழு மணிக்கே சீருடையோடு இருவரும் லிஃப்டின் மூலையில் போய் நின்றுகொண்டார்கள். பெரியவள் கையில் நோட்டும் அம்மாவின் பழைய நிறுத்துக் கடிகாரமும். ஏழு வயதுச் சின்னவள் வெறும் துணைக்கு.

கேக் அக்கா வந்தார், செருப்பை வைத்தார், வண்டியை ஏற்றினார். ஐம்பது விநாடி. அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது. பெரியவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. குறைந்தது ஐந்து நிமிடமாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். கேக் அக்கா மறுபடி வந்தாலும் வரலாம் என்று எட்டு மணி வரை லிஃப்டிலேயே நின்றாள்.

சின்னவளோ அலுப்புத் தாங்காமல் தனக்கென்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தாள். மேலே போகும் வழியில் லிஃப்ட் ஒரு மாடியில் நிற்கும். கதவு திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள். கதவு மூடும். அப்படி நின்ற ஒவ்வொரு முறையும் பேனாவால் தன் கையில் ஒரு கோடு போட்டாள்.

"இது என்னடி கிறுக்கல்?"

"பேய் ஏறுதுக்கா. கண்ணுக்குத் தெரியல. ஆனா லிஃப்ட் நிக்குது பாரு!"

எட்டு மணிக்குக் கோடுகள் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டிப் போயிருந்தன. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தைந்து.

மறுநாளும் கேக் அக்கா ஐம்பது விநாடிக்கு மேல் எடுக்கவில்லை. பேய் மட்டும் சளைக்காமல் ஏறியது. மூன்றாம் நாள் ஆறாம் மாடியில் கதவு திறந்தபோது வக்கீல் அங்கிள் பையோடு நின்றிருந்தார். ஏறவில்லை.

"ஏன் அங்கிள் ஏறல?"

"மேலதானம்மா போகுது. கீழ வர்றப்ப ஏறிக்கிறேன்."

பெரியவள் தலையை நீட்டிச் சுவரைப் பார்த்தாள். மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று. இரண்டு பொத்தான்களும் எரிந்துகொண்டிருந்தன.

"ரெண்டையும் ஏன் அழுத்துனீங்க?"

"அப்பதானே சீக்கிரம் வரும்!"

அடுத்த சுற்றில் நாலாம் மாடியில் பேய் ஏறியது. வெளியே நின்றது அவர்களுடைய அப்பா. இரண்டு பொத்தான்களும் எரிந்தன. "நீங்க போங்க செல்லம், நான் கீழ போறப்ப வரேன்," என்று சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

பெரியவளுக்குக் காது மடல் சூடாயிற்று. அவளும் இத்தனை நாள் இரண்டையும் அழுத்தியவள்தான்.

அன்று மாலை கணக்குப் போட்டாள். வீணாக ஒரு முறை நின்று கிளம்பப் பதின்மூன்று விநாடி. ஐம்பத்தைந்து முறைக்கு எழுநூற்றுப் பதினைந்து விநாடி, அதாவது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஐந்து விநாடிதான் குறைவு. இந்தப் பக்கம் கேக் அக்காவின் ஐம்பது விநாடி. இரண்டு முறை போட்டுப் பார்த்தும் விடை மாறவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் மாடிக்கு ஏறிப் போனாள். தங்கையும் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்கள மாட்டிவிடத்தான் எண்ண ஆரம்பிச்சேன். ஆனா நீங்க ஒண்ணுமே பண்ணல. எல்லாம் நாங்கதான்."

கேக் அக்கா நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"அம்பது செகண்டா? அஞ்சு பத்து நிமிஷம் எல்லாரையும் நிக்க வைக்கிறேன்னு நினைச்சு, தினம் தலை நிமிராம வந்து போயிட்டிருந்தேன்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக்கின் ஓரம் வெட்டிய துண்டுகளை ஒரு தட்டு நிறைய வைத்தார்.

தின்றுகொண்டே சின்னவள் தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். முன்சக்கரம் இரண்டும் எலுமிச்சம்பழ அளவு. பின்சக்கரம் இரண்டும் பெரியவை. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சின்னச் சக்கரம் விழுந்து மாட்டிக்கொள்வதால்தான் அத்தனை மல்லுக்கட்டு.

"பெரிய சக்கரம் அந்த ஓட்டைல விழாதுல்ல? வண்டியத் திருப்பி இழுத்துட்டுப் போங்க."

அப்போதே வெறும் வண்டியை வைத்துச் செய்து பார்த்தார்கள். பெரிய சக்கரம் இடைவெளியைச் சட்டை செய்யாமல் தாண்டியது. கைப்பிடியைக் கீழே அழுத்தி, பின்னால் வந்த சின்னச் சக்கரங்களை லேசாகத் தூக்கிவிட்டால் போதும். பத்தொன்பது விநாடி.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பெரியவள் எழுந்து நோட்டைப் படித்தாள். பேய் என்றதும் சிரித்தவர்கள், ஐம்பத்தைந்து என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நேரத்தத் திருடுறது நாங்கதான்னு சொல்றியா பாப்பா?" என்றார் செயலாளர்.

"எங்கப்பாவும் தான் அங்கிள். நானும் தான்."

அப்பா எழுந்து, "உண்மைதாங்க, கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்," என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக மூன்று நாள் சோதனைக்குச் செயலாளர் ஒத்துக்கொண்டார். இடைப்பட்ட மாடிகளில் ஏழிலிருந்து எட்டு வரை மேல் பொத்தானைக் காகிதம் ஒட்டி மறைப்பது. தள்ளுவண்டித் தடை அதுவரை நிறுத்திவைப்பு.

முதல் நாள் பதினோராம் மாடியில் யாரோ காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். ஏழாம் மாடியில் பழக்க தோஷத்தில் காகிதத்தின் மேலேயே அழுத்தினார்கள். அப்படியும் முன்பு இருபது முறை கீழே வந்த லிஃப்ட், அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு முறை வந்தது. மூன்றாம் நாள் இருபத்து நாலு. அன்று சின்னவள் கையில் ஆறே ஆறு கோடுகள். கேக் அக்கா வண்டியைத் திருப்பி இழுத்துக்கொண்டு நுழைந்தபோது வக்கீல் அங்கிள் சரிய இருந்த பெட்டியைப் பிடித்துக் கொடுத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னார்.

புதன்கிழமை மாலை செயலாளரே வந்து பழைய அறிவிப்பைக் கிழித்தெடுத்தார். கேக் அக்காவிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு கட்டடத்துப் பிள்ளைகள் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. எட்டாம் மாடி இரட்டையர்கள் மொட்டைமாடித் தொட்டி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் மாடிச் சிறுமி குழாயில் ஒழுகும் சொட்டுகளை டம்ளரில் பிடித்து அளந்தாள். நாலாம் மாடிச் சின்னவள், அப்பா ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கொட்டாவி விடுகிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவர் கெஞ்சியும் அவள் விடுவதாக இல்லை.