பென்சிலில் பதிந்த கல்

கனிம அலுவலகத்துப் பதிவேட்டில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் எண்ணில் இருக்கும் தேன்நிறக் கல், எந்த வீட்டில் மூன்று நாள் தங்குகிறதோ அந்த வீட்டு மனிதர்கள் சேர்ந்திருக்கிற விதமாகத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும். இன்று இதை யாரும் வாய் பிளந்து கேட்பதில்லை. வெங்காயம் விலை ஏறினால் இதைவிட அதிகம் பேசுவார்கள். ஆனால் கல் வந்த புதிதில் விஷயம் ஒருவருக்கும் தெரியாததால், ஒரு வருஷத்துக்கு மேல் படித்தவர்கள் ஒருவரையொருவர் முட்டாள் என்று மிகுந்த மரியாதையோடு கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

சாலைக்கு ஜல்லி உடைக்கும் குவாரியில் அகப்பட்ட கல் அது. அரைக்கும் இயந்திரத்தின் பல் ஒன்றை உடைத்துவிட்டது. குவாரி மேஸ்திரி அதைக் கோணிப்பையில் சுமந்துவந்து அலுவலக மேஜைமேல் வைத்து, இது இன்னதென்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு, இல்லாவிட்டால் எங்களுக்கு, பெரிய மிஷின் ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலக விதியும் அதையேதான் சொன்னது. பதினெட்டு மாதத்துக்குள் வகுப்பு கிடைக்காத கல், எடுத்த இடத்துக்கே திரும்பவேண்டும். திரும்பினால் ஜல்லி.

கல்லைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பதிவாளர். வயது ஐம்பத்தொன்று, கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று கேட்கக்கூடியவர்களும் காலமாகிவிட்டார்கள். தையற்கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு விதிவிலக்கையும் சொல்லித்தான் முடிப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர். இருபத்தாறு வருஷமாகப் பதிவேட்டில் மையால் மட்டுமே எழுதினார். ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை, ஓர் எழுத்தைக்கூட அடித்ததில்லை. உலகக் கனிமப் பட்டியலில் இந்த வட்டாரத்திலிருந்து ஒரு கல்லாவது ஏறவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கல்லின் வெளிக் குணங்களை ஒரே வாரத்தில் முடித்தார். நகம் கீறவில்லை, கத்திமுனை கீறவில்லை. கல்தான் கண்ணாடியைக் கீறியது. மெருகு பூசாத பீங்கானில் உரசினால் வெள்ளைக் கோடு. கண்ணாடி போன்ற பளபளப்பு. தண்ணீரைப்போல் மூன்றேகால் மடங்கு கனம். சிலிக்கேட் என்பதிலும் சந்தேகமில்லை. மீதி இருந்தது உள்ளமைப்பு. சிலிக்கேட்டுகளில் எல்லாம் ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் நிற்கும் சின்னஞ்சிறு கூடுகள் இருக்கும். அந்தக் கூடுகள் ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பதை வைத்துத்தான் வகுப்பு. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கலாம், இரண்டிரண்டாக ஜோடி சேரலாம், வளையமாகச் சுற்றி நிற்கலாம், சங்கிலியாக நீளலாம், தாள் தாளாகப் படியலாம். மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கிறதே என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

இங்கே இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அரிய கற்களை அதில்தான் பூட்டவேண்டும். முக்கியமான சாவிகளையும் அதில்தான் பூட்டவேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் இரண்டு விதிகளையும் ஒரே நாளில் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில், பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அன்றிலிருந்து எந்தக் கல்லை யார் ஆராய்கிறாரோ அவரே அதைச் சாப்பாட்டு அடுக்கின் மேல்தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவது வழக்கமாகிவிட்டது.

பதிவாளர் அறையில் கல் நான்கு நாள் இருந்தது. பிறகு ஊடுகதிர்ப் படம் எடுத்தால், பிலிமில் விழுந்த புள்ளிகள் தெளிவாகச் சொல்லின: கூடுகள் தனித்தனி. உலகப் பட்டியலைப் பராமரிக்கும் சபைக்கு இரண்டு பேருடைய ஒத்த முடிவு வேண்டும் என்பதால், கல் அடுத்து ஊடுகதிர்ப் படக்காரர் வீட்டுக்குப் போனது. அவர், மனைவி, நான்கு பிள்ளைகள். அவருக்குக் கிடைத்தது ஆறு மூலை வளையம். நடுவே அவருடைய மாமியார் வந்து ஒரு வாரம் தங்கியபோது ஏழு மூலை வளையம் விழுந்தது. அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், பிலிமைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டு மாமியார் ஊருக்குப் போகும்வரை பொறுத்திருந்தார். சண்டையைத் தீர்க்கக் கல்லை வாங்கிக்கொண்ட இயக்குநர், தம்பிகள் ஐந்து பேரோடு சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் இருந்தவர். அவர் சங்கிலி என்று அறிக்கை கொடுத்தார். அடுத்து வாங்கிப்போன அலுவலக ஸ்டோர்காரர் வீட்டில் அவர் கீழ்த்தளம், மனைவி முதல் மாடி, மாமனார் மொட்டைமாடி அறை, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே மூன்று நாள் இருந்த கல், விரல் பட்டதும் வெங்காயத்தோல் மாதிரி உரிந்தது.

நான்கு பேர், நான்கு முடிவு. பதினாலு மாதம் ஓடிவிட்டது. ஒரு மத்தியானம் படக்காரர், பதிவாளரைச் சீண்டுவதற்காகவே சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்டுக்கு வந்தா கல்லுகூட பிரம்மச்சாரி ஆயிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். பதிவாளரும், இது ஆராய்ச்சிக்குப் பொருந்தாத கருத்து என்ற அடிக்குறிப்போடு, சிரித்தார். சிரிக்காதவர் சாணைக்காரம்மா ஒருவர்தான். கல்லை மயிரிழை கனத்துக்குச் சீவித் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. நாற்பத்தாறு வயது, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், ஆற்றோரத் தெருவில் ஒண்டியாக இருந்தார். நாளெல்லாம் சாணைச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பதால், காதில் விழுகிற சொற்பப் பேச்சை அவர் வீணாக்குவதில்லை. தேய்க்கவேண்டும் என்று சொல்லிக் கல்லை வாங்கிப்போய், ஜன்னலோரம் வைத்து, மூன்று நாளைக்கு விரலால்கூடத் தொடாமல் திரும்பக் கொண்டுவந்தார். படம் எடுக்கச் சொன்னார். தனித்தனி.

அவர் கதவருகே நின்றபடியே பதிவாளரிடம் விவரம் சொன்னார். கல்மேல் ஒரு பிசகும் இல்லை, அது தங்கின வீடுகளைப் பாருங்கள் என்று ஒவ்வொரு வீடாக விரல் மடக்கினார். பதிவாளர் அன்று பூராவும் சாப்பிடவில்லை. நம்புவதா வேண்டாமா என்பது பற்றிப் பன்னிரண்டு பக்கம் குறிப்பு எழுதினார். மறுநாள் காலை அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்: இரண்டு பேர், ஒரே முடிவு. சாணைக்காரம்மாவின் கையெழுத்தையும் வாங்கிச் சபைக்கு எழுதினார். எழுதிய சந்தோஷத்தில், இருபத்தாறு வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். சபை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவேட்டைத் திறந்து, வகுப்பு என்ற கட்டத்தில் 'தனி' என்று மையால் எழுதினார்.

சபையின் ஆய்வாளர் பதினேழாம் மாதம் வந்து சேர்ந்தார். தீராத ஜலதோஷம் பிடித்த, ரயில் அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்திருந்த மனிதர். சபையின் விதிப்படி, கையெழுத்துப் போட்ட இருவரும் கல்லை நடுவில் வைத்துக்கொண்டு, காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை, மூன்று நாள் ஒரே அறையில் இருக்கவேண்டும். பிறகு சாட்சிப் படம். இந்த விதியைக் கேட்டதுமே விபரீதம் புரிந்திருக்க வேண்டும். சாணைக்காரம்மாவுக்குப் புரிந்தது, சொல்லவில்லை. பதிவாளருக்குப் புரியவில்லை என்று சொல்வதற்கும் இல்லை, ஏனென்றால் முதல்நாள் வரும்போது அவர் புதிதாக ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் நாள் அவர்கள் அலுவலக விஷயம் பேசினார்கள். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது, ஆனால் பேசாதது யாருக்கும் உறுத்தவில்லை. பதிவாளர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அடிக்குறிப்பு வரும்முன் சாணைக்காரம்மா அதைச் சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் அந்தம்மா தன் சாப்பாட்டில் பாதியைத் தட்டின் அந்தப் பக்கம் தள்ளிவைத்தார். பதிவாளர் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார். மாலையில் படம் எடுத்தார்கள். கூடுகள் இரண்டிரண்டாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஜோடி சேர்ந்திருந்தன.

படக்காரர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்பு கேட்டது. பதிவாளருக்குக் காது சிவந்தது. இருக்கமுடியாது, ஈரப்பதம் காரணமாக இருக்கலாம், இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்றார். ஆய்வாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு மேலும் மூன்று நாள் தந்தார். அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் கல் குவாரிக்கு. மேஸ்திரி வேறு அந்த வாரம் வந்து, பெரிய மிஷின் பொருத்தியாகிவிட்டது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போயிருந்தார்.

சாணைக்காரம்மா தானாகவே ஆய்வாளரிடம் விதியிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, கீழே தன் சாணை அறைக்குப் போய்விட்டார். மூன்று நாளும் மேலே வரவில்லை. பதிவாளர் கல்லோடு தன்னந்தனியாக உட்கார்ந்து, இத்தனை வருஷம் தனியாக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே சாணை ஓடும்போது அவர் நிம்மதியாகக் குறிப்பு எழுதினார். அது நின்றால் பேனாவும் நின்றது. இரண்டாம் நாள் அரைமணி நேரம் சாணை ஓடவே இல்லை. அவர் படிக்கட்டுவரை போய், சத்தம் திரும்பக் கேட்டதும் வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் இரண்டு தம்ளர்களும் அப்படியே இருந்தன. ஒன்றை அலமாரிக்குள் வைக்கலாம் என்று பலமுறை நினைத்தார்.

மூன்றாம் நாள் மாலைப் படத்திலும் ஜோடிதான். முன்னதைவிடத் தெளிவாக இருந்தது.

ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருவரையும் எதிரில் நிற்கவைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் தனின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. கல்லு இல்லைங்குது. இப்ப நான் யாரை நம்பறது?"

"கல்லை," என்றார் சாணைக்காரம்மா.

  தனி என்று பதிவாளர் சாதித்தால் பதிவேடு சுத்தமாக இருக்கும், கல் ஜல்லியாகும். ஜோடி என்று ஒப்புக்கொண்டால் கல் பிழைக்கும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் முதல் அடித்தல் விழும், விழுந்த காரணத்தை அலுவலகமே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும். அவர் பதிவேட்டைத் திறந்தார். அளவுகோலை எடுத்துவைத்து, 'தனி' என்ற சொல்லின்மேல் நேராக ஒரு கோடு போட்டார். கோணாத கோடு. பிறகு பேனாவை மேலே பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இதையும் எழுதிட்டு நாளைக்கு மாறிடுச்சுன்னா?" என்று கேட்டார். கேட்டது ஆய்வாளரை அல்ல.

"மாறத்தான் மாறும் சார். அதுக்கு ஏன் பயப்படறீங்க? பென்சில்ல எழுதுங்க."

சாணைக்காரம்மா தன் காதில் செருகியிருந்த, கல்லில் குறி போடும் பென்சிலை எடுத்து நீட்டினார். பதிவாளர் 'ஜோடி' என்று எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஆய்வாளர் முத்திரை குத்திவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

கல்யாணம் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பதிவாளர் அறையில் நாற்காலி ஒன்றே இருந்ததால், அவர்தான் ஆற்றோரத் தெருவுக்குக் குடிபோனார். இரும்புப் பெட்டி திறக்கவே இல்லை. ஆகவே கல்லும் கூடவே போயிற்று. மூன்றாம் வருஷம் ஒரு பூனை வந்து ஒட்டிக்கொண்டது. கல் மூன்று மூலை வளையமானது. சாணைக்காரம்மாவின் தங்கை மகள் படிப்புக்காக வந்து தங்கியபோது நாலு மூலை. அவள் வேலை கிடைத்துப் போனதும் மறுபடி மூன்று. ஒவ்வொரு தடவையும் பதிவாளர் அழித்துவிட்டு எழுதினார், பழைய எழுத்து துளிகூடத் தெரியாமல். படக்காரர் ஒரு நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஏழு மூலைப் பிலிமை எடுத்துவந்து ஒப்படைத்தார். ஸ்டோர்காரர், வீட்டில் உள்ளேயே ஒரு மாடிப்படி கட்டி முடித்த கையோடு, கல்லை மூன்று நாள் இரவல் வாங்கிப்போனார். அது உரியவில்லை என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சபை தன் பட்டியலில் இந்தக் கல்லுக்கு மட்டும் வகுப்பு என்ற இடத்தில் 'வீட்டைப் பொறுத்தது' என்று அச்சிட்டது. வருஷா வருஷம் ஒரு கடிதம் அனுப்பி, இவ்வாண்டு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும். அழிப்பதற்கு ஒரு புது ரப்பரும் கூடவே வரும்.

பூனை பதினாறாம் வருஷம் போயிற்று; கல் மறுபடி ஜோடியானது. பதிவாளர் பத்தொன்பதாம் வருஷம், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், அடிக்குறிப்புக்கு முன்பாகவே போய்ச்சேர்ந்தார். அந்த வருஷக் கடிதம் வந்தபோது சாணைக்காரம்மா ஆற்றோர வீட்டில் ஒண்டியாக இருந்தார். ஓய்வு பெற்றுவிட்ட படக்காரர், தானே வந்து கல்லை எடுத்துப்போய்ப் படம் எடுத்தார். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; கூடுகள் இன்னும் ஜோடியாகவே இருந்தன; இந்தத் தடவை சிரிக்கவில்லை; கொண்டுவந்து கொடுத்தார். சாணைக்காரம்மா பார்த்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று தலையாட்டி, சபைக்கு ஒரே சொல்லில் பதில் எழுதினார்: இருவர்.

சபை மறுகேள்வி கேட்கவில்லை, அப்படியே அச்சிட்டது. வழக்கம்போல ரப்பரும் வந்தது. அது உறை பிரிக்காமல் இழுப்பறையில், கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது.