கடைசித் தண்ணி

ஒரு துணி சுத்தமாகிவிட்டது என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? கண்ணை வைத்தா, மூக்கை வைத்தா?

கஞ்சியைக் கேட்டால் மூக்கு என்றுதான் சொல்வான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரியில், மூன்றாம் நம்பர் இஸ்திரி மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன். விறைப்பாக, அசையாமல் நிற்பான் என்று அங்கே வைத்த பெயர்தான் கஞ்சி. லேசாகக் கறை தெரிகிற விரிப்பைக்கூட ஓட்டல்காரன் திருப்பிப் போட்டு ஒப்பேற்றிவிடுவான். வாடை அடித்தால் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் அங்கே எல்லாத் துணிக்கும் கடைசித் தண்ணி என்று ஒன்று உண்டு. சோப்பெல்லாம் அலசிப் போன பிறகு, துணியை மெத்தென்று ஆக்குகிற வாசனைத் திரவம் கலந்த தண்ணி. அதில் முக்கி எடுத்தால் பிழிந்து காயப்போட வேண்டியதுதான், மறுபடி அலசக் கூடாது. அலசினால் வாசனை போய்விடும். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

போன வருஷம் ஒருநாள் மெஷினின் நீராவிக் குழாய் கசிந்து, கொதிக்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கஞ்சியின் வலது ஷூவுக்குள் இறங்கியது. சர்க்கரை வியாதி அவன் பாதங்களை ஏற்கெனவே மரக்க வைத்திருந்தது. அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டில் சாக்ஸைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். அவன் அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அவனுக்கும் சேர்த்து மனைவி அழுதாள்.

பிறகு கால்காரரிடம் போனார்கள். செயற்கைக் கால் செய்து பொருத்துகிற அவரை எல்லோரும் கால்காரர் என்றுதான் சொன்னார்கள். அவர் முதலில் காலைக் காட்டவில்லை. மேஜைமேல் இரண்டு சிலிக்கோன் உறைகளை வைத்தார். வெளிப்பக்கம் துணி, உள்பக்கம் கொழகொழவென்று வழுக்குகிற ரப்பர் மாதிரி. அடிமுனையில் விரல் நீளத்துக்கு, பல் பல்லாக வெட்டிய ஒரு இரும்புப் பின் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு லைனர் சார். காலை விட இதுதான் முக்கியம். ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு நாளைக்கு. தினம் சாயங்காலம் கழட்டி, வெதுவெதுன்னு தண்ணி, வாசனை இல்லாத சோப்பு ஒரு சொட்டு, நுரை போற வரைக்கும் அலசணும். வெயில், அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதுவும் கிட்ட வரக் கூடாது. இந்த ஸ்டாண்டுல மாட்டி நிழல்ல காய வெக்கணும்."

"அயர்ன் பாக்ஸ்தான் எங்களுக்குச் சோறு போட்டுது" என்றாள் மனைவி.

"அதனாலதான்மா சொல்றேன்."

லைனரை உள்வெளியாகத் திருப்பி, அதன் அடியை மிச்சக் காலின் நுனியில் அழுத்தி வைத்து, காற்று புகாமல் மேலே உருட்டிக்கொண்டு போக வேண்டும். பிறகு செயற்கைக் காலின் குழிக்குள் இறக்கி நின்றால், பின் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பல்லாகப் பூட்டும்போதும் டக், டக் என்று சத்தம் வரும். கஞ்சிக்கு வழக்கமாக ஆறு டக். அதைவிடக் குறைந்தால் கால் வீங்கியிருக்கிறது, கூடினால் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கிளம்பும்போது கால்காரர் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். "உங்க கால்ல உணர்ச்சி குறைவு. வலி வந்து சொல்லாது, கண்ணுதான் சொல்லணும். தினம் கழட்டினதும் இதைப் பிடிச்சு அடியில, பின்னால எல்லாம் பாருங்க. தோல் கிழிஞ்சிருந்தா அன்னிக்கே இந்தச் செயற்கைக் காலைத் தூக்கி ஓரமா வெச்சிடணும். ஆறுற வரைக்கும் தொடக் கூடாது. பிடிவாதமா போட்டு நடந்தா, அடுத்த தடவை முட்டிக்கு மேலதான் வெட்டணும்."

வீட்டில் லைனருக்கு ராஜ உபசாரம் நடந்தது. மனைவி அதற்கு வைத்த பெயர் சின்ன வீடு. "சின்ன வீட்டைக் குளிப்பாட்டியாச்சா? என் துணிய ஒரு நாளு இப்படித் துவைச்சிருப்பீங்களா நீங்க?" என்பாள். காலையில் அவன் கால் போடும்போது சமையலறையிலிருந்தே எண்ணுவாள். "ஆறு. சரி, சாப்பிட வாங்க." சண்டை போட்ட நாட்களில்கூட அந்த எண்ணிக்கை நின்றதில்லை.

கண்ணாடியை முதல் வாரம் பார்த்தான். அதற்குப் பிறகு பார்த்துவிட்டதாகச் சொன்னான். பயம் எல்லாம் இல்லை. பார்த்தால் யாரோ ஒருத்தருடைய காலைப் பார்ப்பது போல இருந்தது. முன்பின் தெரியாதவன் காலைத் தினமும் எதற்குப் பார்க்க வேண்டும்?

வெயில் காலம் வந்தது. லைனருக்குள் வியர்வை ஊறியது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். வெளியே எங்கேயோ குப்பை எரிந்தது, அதற்காகவும் இருக்கலாம். கஞ்சி தன்னால்தான் என்று முடிவு கட்டிவிட்டான். ஊரிலிருக்கிற படுக்கையையெல்லாம் மணக்க வைத்தவன் மேலேயே வாடை. வீட்டுக்கு வந்ததும் லைனரை முகர்ந்து பார்த்தான். குளியலறை மூலையில், எப்போதோ லாண்டரியிலிருந்து வந்த வாசனைத் திரவம் அரை கேன் கிடந்தது. கால்காரர் சொன்னபடி சோப்புப் போட்டு அலசினான். பிறகு வாளியில் ஒரு மூடி திரவம் ஊற்றி லைனரை முக்கி எடுத்து, துடைத்து ஸ்டாண்டில் மாட்டினான். மறுநாள் மற்றதையும் அதே மாதிரி செய்தான். வாடை போய்விட்டது. இதைப் போய் யாரிடமும் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்படிப் பதினோரு நாள்.

பத்தாம் நாள் லாண்டரி சூப்பர்வைசர் போன் செய்தார். "திங்கக்கிழமை வாங்கண்ணே. ஒரு ஷிப்ட் நின்னு காட்டுங்க. நின்னுட்டீங்கன்னா மெஷின் உங்களுது. இதுக்கு மேல என்னால காலியா வெச்சிருக்க முடியாது, மேல இருக்கறவங்க என் உயிரை வாங்கறாங்க. வேற ஒருத்தர் ரெடியா இருக்காரு."

"நிக்கறேன்" என்றான் கஞ்சி.

கால் போன இந்த ஒன்பது மாதத்தில் அவன் தானாக விரும்பிக் கேட்டது அந்த மெஷின் ஒன்றைத்தான். சோறு வைத்தால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். டிவி எந்தச் சேனலில் ஓடினாலும் பார்த்தான். மூன்றாம் நம்பர் மெஷின் என்றால் மட்டும் தலையைத் தூக்குவான்.

திங்கட்கிழமை காலை லைனரை உருட்டி ஏற்றினான். குழிக்குள் இறக்கி நின்றான். டக், டக், டக், டக். பிறகு சத்தமில்லை. உடம்பு எடையைப் போட்டு அழுத்தினான். அப்போதும் இல்லை.

"நாலுதான் கேட்டுது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"ஆறு."

"நாலுதாங்க."

"குக்கர் சத்தத்துல ரெண்டை விட்டுட்டே."

"குக்கரை இன்னும் வைக்கவே இல்ல."

"அப்ப காதைக் காட்டு டாக்டர்கிட்ட. நேரமாச்சு, டப்பாவக் குடு."

அவள் டப்பாவைக் கொடுத்தாள். கதவில் நின்று அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். நடை சரியாகத்தான் இருந்தது.

லாண்டரியில் மெஷின் அதே இடத்தில் இருந்தது. கசிந்த குழாயை மாற்றியிருந்தார்கள். மடிக்கிற மேஜையில் இருந்த பெட்ஷீட் அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாய்யா கஞ்சி. ஒரு கால் வெளியிலிருந்து வந்ததாமே? எது அசல், எது டூப்பு?"

"நீயே கண்டுபிடி."

"ரெண்டும் ஒரே மாதிரி விறைப்பாத்தான் நிக்குது. நீ எப்பவும் அப்படித்தானே நிப்பே?"

எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சியும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தான். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உருளைக்குள் கொடுத்தான். கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முன்னூறு விரிப்பு, நானூறு தலையணை உறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நின்றபோது, மெஷின் இரைச்சலையும் தாண்டி டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு டக். ஆறு ஆகிவிட்டது என்று நினைத்தான். எதுவும் வலிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினார். "அசத்திட்டீங்கண்ணே. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

"சரி சார்" என்றான். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டான்.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக் காலைக் கழற்றினான். லைனரை உருட்டி இறக்கினான். தண்ணீரோடு வந்த மனைவி முகர்ந்து பார்த்தாள்.

"என்ன, சின்ன வீடு செண்டெல்லாம் போட ஆரம்பிச்சிடுச்சா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அவளுக்கு அது தெரிந்த வாடை. போன வருஷம் சாக்ஸைக் கழற்றிய அன்றைக்கும் இதே கட்டில் பக்கத்தில்தான் நின்றாள்.

"கண்ணாடி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"நேத்து."

அவள் அலமாரிமேல் இருந்து கண்ணாடியை எடுத்தாள். அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். தூசியில் கோடு பளிச்சென்று விழுந்தது. துண்டால் துடைத்து, அவன் மிச்சக் காலுக்குப் பின்னால் பிடித்தாள்.

பின்பக்கம், அடியில், தீப்பெட்டி அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. சுற்றிலும் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள். கஞ்சி அதை விரலால் அழுத்திப் பார்த்தான். விரல் ஈரமானது விரலுக்குத் தெரிந்தது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"லைனர்ல என்ன போட்டீங்க?"

"வாடை அடிச்சுது. கடைசித் தண்ணியில முக்கி எடுத்தேன்."

"அதுக்கப்புறம் அலசினீங்களா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "கடைசித் தண்ணிய எவனாவது அலசுவானா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. பிறகு எழுந்து, கால்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். கால்காரர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தத் திரவம் முழுக்கத் தோல்ல ஊறியிருக்கு. இனிமே கால் போடாதீங்க சார். காலையில முதல் ஆளா வந்துடுங்க."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"பாத்தாத்தான் தெரியும். மூணு வாரமும் ஆகலாம், ஆறும் ஆகலாம்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வேலை இருக்கு எனக்கு."

"முட்டி வேணுமா, வேணாமான்னு யோசிச்சுக்கங்க சார்" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கஞ்சி பேசினான். அந்த வருஷத்திலேயே அவன் அவ்வளவு பேசியது அன்றுதான். "ஒரு வாரம் மட்டும் ஓட்டிடறேன். மெத்துன்னு துணி வெச்சுக் கட்டிக்கறேன். இன்னிக்கு ஒம்போது மணி நேரம் நின்னேன், என்ன ஆச்சு? முதல் வாரமே வரலைன்னா அந்த ஆளு மெஷின்ல ஏறிடுவான். ஏறினா இறங்க மாட்டான், நானா இருந்தாலும் இறங்க மாட்டேன். எனக்கு வலிக்கவே இல்லையேடி."

"அந்தக் காலும் வலிக்கவே இல்லையேங்க" என்றாள் அவள்.

அவன் காலை அவள் பக்கம் நீட்டினான். அவள் புண்ணைத் துடைத்து, மெல்லிய துணி வைத்துக் கட்டிவிட்டாள். ஊன்றுகோல்களைக் கட்டிலில் சாத்திவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.

சாப்பிட்ட பிறகு ஊன்றுகோலோடு குளியலறைக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து இரண்டு லைனரையும் துவைத்தான். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. அலசினான். நுரை வந்தது. மறுபடி அலசினான், மறுபடியும் வந்தது. பதினோரு நாள் திரவம் ஆறு வாளித் தண்ணீர் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. ஏழாவது வாளியில் தண்ணீர் சும்மா தண்ணீராக நின்றது. லைனரை முகர்ந்தான். சோப்பு மணமும் இல்லை, வாசனையும் இல்லை, எதுவுமே இல்லை. எதுவும் மணக்காத ஒன்றைச் சுத்தம் என்று அவன் அதுவரை எடுத்து வைத்ததில்லை. துடைத்து ஸ்டாண்டில் மாட்டினான்.

கேனில் மிச்சம் இருந்ததை மனைவி சாக்கடையில் ஊற்றினாள். வீடு முழுக்க மணத்தது.

மறுநாள் காலை ஏழே காலுக்குக் கஞ்சி சூப்பர்வைசருக்குப் போன் செய்து, புண் வந்திருக்கிறது, வரமாட்டேன் என்றான். எத்தனை நாள் என்று அவர் கேட்டார். தெரியாது என்றான். எட்டு மணிக்கு மூன்றாம் நம்பர் மெஷினில் வேறொருவர் நின்றார். கஞ்சி அந்த நேரத்தில் ஊன்றுகோலோடு, கால்காரரிடம் போகிற பஸ்ஸில் இருந்தான், பக்கத்தில் மனைவி கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.