இறங்க மறுத்த சதுரக் காசு

கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே, பூவரசன்விடுதி என்னும் முந்திரிக்காட்டு ஊரில், 1957-ஆம் வருஷம் சித்திரை மாதம் முதல், பொய்ப்பெயர் சொல்லப்பட்ட காசுகள் தரைக்கு இறங்குவதை நிறுத்திக்கொண்டன. அதே மாதம் மிளகாய் வற்றல் விலையும் ஏறியது. ஊரார் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினாலும் மிளகாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ராக்காயி. கொட்டை பொறுக்கும் பெண்களின் பிள்ளைகளை மரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த சோலையப்பனுக்கு ஊரில் மளிகைக் கடையும் இருந்தது. தாய்மார் இருட்டும்வரை கொட்டையைக் குவித்துக் கொண்டிருப்பதால், கூலி வாங்கக் கடைக்கு ஓடுவது பிள்ளைகள்தான். சர்க்கார் அப்போதுதான் நயா பைசாவைக் கொண்டுவந்திருந்தது. பழைய ரெண்டணா சதுரம், புதிய அஞ்சு நயா பைசாவும் சதுரம். ரெண்டணாவுக்குப் பன்னிரண்டு நயா பைசா தர வேண்டிய சோலையப்பன், கொஞ்சமும் கூசாமல் அஞ்சை நீட்டி "ரெண்டணா" என்பார். விளக்கெண்ணெய் செலவுக்குப் பயந்து, இருட்டில் தடவியே காசு பார்த்துப் பழகிய ஊர் அது. பிள்ளை மூலையைத் தடவித் தலையாட்டும். தாயும் தடவிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வாள்.

ராக்காயியும் அப்படித்தான் முடிந்துகொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் காசை வெளிச்சத்தில் பிடித்து, "இங்கிட்டுப் பாருங்க ஆத்தா, இது ரெண்டணா இல்ல, அஞ்சு நயா பைசா" என்று சொல்லி இறக்கிவிட்டார். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. நேரே கடைக்கு நடந்தாள்.

"பிள்ளைக கையில குடுத்தாச்சு. அதுகளுக்குக் காசு தெரியலைன்னா நான் என்ன செய்ய?" என்றார் சோலையப்பன்.

"தெரிய வைக்கிறேன் மொதலாளி."

மறுநாள் முந்திரி நிழலில் பாடம் தொடங்கியது. ராக்காயி காசை மேலே சுண்டுவாள், அது விழுவதற்குள் பிள்ளைகள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அவளுடைய மகள் செவந்தி ஒரு சதுரக் காசை ரெண்டணா என்று கத்தினாள். காசு கிளை உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகள் சரியாகச் சொல்லியும் அசையவில்லை. செவந்தியே முணுமுணுத்துப் பார்த்தாள், அதற்கும் அசையவில்லை. கடைசியில் அவள் தொண்டை கிழிய "அஞ்சு நயா பைசா!" என்றதும் மடியில் வந்து விழுந்தது. தப்பாய்ச் சொன்ன வாயே உரக்கத் திருத்த வேண்டும் போலிருக்கிறது என்று ராக்காயி புரிந்துகொண்டு அடுத்த காசைச் சுண்டினாள். கொட்டைப் பருவம் தீர்வதற்குள், பால்குடி மறக்காத வாண்டுகூடக் காசைப் பெயர் சொல்லி இறக்கியது.

சேதி சோலையப்பன் காதுக்கு எட்டியது. ராக்காயிக்கு இனி வேலை இல்லை, அவளிடம் பிள்ளையை விடுகிறவளுக்கும் இல்லை என்றார். பெண்கள் கலங்கித்தான் போனார்கள், அடுப்பு எரிய வேண்டுமே. பிச்சையம்மாள் மட்டும், "ஏமாந்து வாங்குற கூலி இருந்தென்ன, போயென்ன" என்று கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள், பிறகு ஒருத்தரும் எழவில்லை.

அன்று மாலை பாக்கிக் கூலிக்குப் பிள்ளைகள் கடை வாசலில் நின்றார்கள். செவந்தி கையில் சோலையப்பன் சதுரத்தை வைத்து "ரெண்டணா" என்றார். காசு அவள் உள்ளங்கையை விட்டு எழும்பி முகட்டில் போய் நின்றது. "ரெண்டணாதான்!" என்று அவர் ஆத்திரத்தில் கத்த, கல்லாவில் இருந்த புதுச் சதுரங்கள் அத்தனையும் பின்னாலேயே கிளம்பின. துடைப்பத்தால் தட்டினார், ஏணி போட்டு இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாய்ச் சரியான பெயரைச் சொல்லிப் பார்த்ததாகவும் பேச்சு. பட்டுக்கோட்டை வியாபாரி சில்லறை கேட்டு வந்த நாளில், தெருவே கூடி நிற்க, அண்ணாந்து பார்த்து அலறினார்: "அஞ்சு நயா பைசா!"

"இன்னும் சத்தமா!" என்றாள் ராக்காயி.

காசு கொட்டியது. அதைப் பொறுக்கிய கையோடு பழைய கூலிக் குறைச்சலையும் கொடுத்துத் தீர்த்தார். அடுத்த பருவத்துக்கு ராக்காயியை அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

1964-இல் சர்க்கார் காசின் பெயரிலிருந்து 'நயா'வை எடுத்துவிட்டபோது காசுகள் ஒரு பகல் முழுக்கக் குழம்பி மரக்கிளைகளில் நின்றன, பிறகு பழகிக்கொண்டன. அதற்குப் பிறகும் கூலி நாளில் சோலையப்பன் காசைச் சுண்டிப் பெயர் சொல்லித்தான் கொடுப்பார். அவரும் பெண்களும் பிள்ளைகளும் அண்ணாந்து பார்ப்பார்கள். ராக்காயி மட்டும் மேலே பார்க்கமாட்டாள். மடியை விரித்து வைத்திருப்பாள்.