வேரடியில் புதுக் குழி

கண்புரை அறுவை முடிந்து மேவிஸ் பாலைவனத்துக்குத் திரும்பிய முதல் வாரம் அது. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் கண்கட்டைப் பிரித்ததும் எதிர்ச்சுவரின் விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் காட்டுக்காவல் பெண்களோடு வண்டியில் ஏறியபோது பின்சீட்டில்தான் போய் ஒடுங்கினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் முன்சீட்டு அவளுடையது. தடம் பார்ப்பவளுக்கான இடம். ஒருநாள் "நினு நடந்திருக்கு" என்று மணலைக் காட்டினாள். பில்பி என்று வெள்ளைக்காரர்கள் சொல்லும், முயல்காதும் கூர்மூக்குமாக வளை தோண்டி வாழும் அந்தச் சின்ன உயிர் அந்தப் பக்கத்தில் தட்டுப்பட்டுப் பல வருடமாகியிருந்தது. சேதி கேட்டு ஆய்வாளர்கள் விமானத்தில் வந்து கேமரா வைத்தார்கள். படத்தில் ஒரு காட்டுப்பூனை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அன்று முதல் அவள் 'பூனையம்மா'. எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். ஆனால் அப்புறம் எந்தத் தடத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கண்ணில் புரை வளர்ந்திருப்பது பிறகுதான் தெரிய வந்தது.

தேநீருக்கு வண்டி நின்றது. குழுவுக்குப் பொறுப்பான கெய்த் வரைபடத்தை விரித்தான்.

"இந்தப் பக்கம் இன்னியோட போதும். நினு திரும்பி வரட்டும்னு மூணு வருஷமா புல்லைக் கொளுத்தினோம், அதைத் திங்கிற பூனைக்குப் பொறி வச்சோம். ஒண்ணும் வரல. அடுத்த மாசம் வடக்க போயிரலாம்."

மேவிஸ் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலம்புதர்ப் பக்கம் நடந்தாள். வேருக்குள் கிடக்கும் வெள்ளைப் புழு நாலைந்து கிடைத்தால் தணலில் வாட்டித் தின்னலாம் என்று நினைப்பு.

புதரடியில் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். வேரை ஒட்டியே குழி இறங்கியிருந்தது. வேர் கடித்துப் பிளக்கப்பட்டு, புழு இருந்த பொந்து காலியாகக் கிடந்தது. தோண்டிய மண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை.

உடும்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். உடும்பு என்றால் வால் இழுத்த கோடு வளைந்து வளைந்து போகுமே? அது இல்லை. பூனைக்கோ வேரில் வேலையே இல்லை. அடுத்த புதரிலும் அதே குழி. நினுவாக இருக்குமோ? அப்படியும் திரும்பி வந்து பேசாமல் தேநீரைக் குடித்தாள்.

கெய்த் வண்டியைக் கிளப்பினான்.

"நிறுத்துப்பா!" தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "வேலம்புதர்ல ஏதோ வேரைத் தோண்டிப் புழு தின்னுருக்கு. வந்து பாருங்க."

சித்தப்பா மகள் டல்சி திரும்பினாள். "என்னக்கா, பூனை புழு திங்க ஆரம்பிச்சிருச்சா?"

"கிண்டல் அப்புறம் பண்ணுடி. முதல்ல வந்து பாரு. நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லு."

டல்சி சிரித்துக்கொண்டேதான் வந்தாள். குழியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. மணலில் குப்புறப் படுத்து முகத்தைக் குழியருகே கொண்டுபோனாள். மண்ணோடு கலந்த உருண்டைப் புழுக்கை இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா..."

"சொல்லுடி."

"நினுவோடதுன்னு எங்கம்மா எனக்குக் காட்டினது இதேதான்."

அதற்குமேல் யாரும் உட்காரவில்லை. பெண்கள் வரிசையாகப் பிரிந்து நடந்தார்கள். பின்காலிரண்டும் ஜோடியாக, முன்கால் அதற்கு முன்னே. தாவிப் போன தடம் ஒரு கரையான் புற்றைச் சுற்றிப் போய் வளை வாசலில் முடிந்தது. கெய்த் வளைக்கு எதிரே கேமராவைக் கட்டினான்.

மூன்றாம் நாள் காலை வளைக்குப் போய்ப் படங்களைத் திறந்தார்கள். முதல் சிலவற்றில் அந்துப்பூச்சிதான். அப்புறம் நீண்ட காதுகள். வெள்ளை நுனி வால். கடைசிப் படத்தில் அதன் பின்னாலேயே, கைப்பிடியளவு ஒரு குட்டி.

டல்சி மேவிஸின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேவிஸுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேன்," என்றான் கெய்த். "வடக்க போக வேண்டாம். இங்க என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க."

மேவிஸ் குச்சியால் மணலில் கோடு இழுத்தாள். "வளையைச் சுத்தி இருக்கிற பழைய புல்லைத் தொடாதீங்க. ஒளிஞ்சுக்க அதுக்கு இடம் வேணும். மேற்கால திட்டுத் திட்டா கொளுத்துவோம், மழை விழுந்தா தளிர் வரும். பூனைப் பொறி இன்னும் நாலு வேணும்."

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

அவள் கொஞ்சம் மணலை அள்ளி உதிர்த்துக் காற்றைப் பார்த்தாள்.

"காத்து வளையை விட்டு மேற்கால வீசுது, நம்ம பக்கம்தான் இருக்கு. இப்பவே."