வியாகுல மாதா தோணியின் தற்காலிக எஞ்சின்

வியாகுல மாதா தோணியின் பழைய டீசல் எஞ்சின் முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டு ஓய்வு கேட்டதால், புதிய எஞ்சின் வந்து சேரும்வரை அதன் இடத்தில் டெல்பினை உட்கார வைப்பது என்று முடிவாயிற்று.

இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தோணி அவள் கணவன் ஆக்னலுடையது. பாய் விரித்து ஓடுகிற தோணிதான் என்றாலும், காற்று கைவிடும் நாட்களுக்கு எஞ்சின் ஒன்று வேண்டும். எஞ்சின் என்றால் நிற்காத அதிர்வு, அவ்வளவுதான். குழந்தை பிறந்து ஏழு மாதமாக டெல்பின் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். அது வீட்டிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் அந்தத் தெரு முழுக்க அவள் பயங்களை அறியும். குழந்தை இவா மூச்சு விடுகிறாளா என்று நாளைக்கு நாற்பது தடவை மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பாள். விரல் வைத்ததால் மூச்சு அடைத்திருக்குமோ என்று நாற்பத்தோராவது தடவை. கிலுகிலுப்பையை வெந்நீரில் கொதிக்க வைப்பாள். கொதிக்க வைத்த பாத்திரம் சுத்தம்தானா என்று சந்தேகம் வந்து, அந்தப் பாத்திரத்தைக் கொதிக்க வைக்க அதைவிடப் பெரிய பாத்திரம் தேடுவாள். பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் எங்கே மணி அடித்தாலும் எழுந்து நிற்பாள். ஐஸ் வண்டி மணிக்கும் நிற்பாள்.

ஃபிட்டர் மச்சாது வந்து, அவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, அதில் எழும் அலைகளைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

“நல்ல ஓட்டம். புகை கிடையாது, ஆயில் ஒழுக்கு கிடையாது,” என்றார். “ஆக்னலு, நீ குடுத்து வச்சவம்ல.”

டெல்பினுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எட்டாம் வகுப்பில் நன்னடத்தைக்குக் கொடுத்த பதக்கத்துக்குப் பிறகு அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கேட்பதற்கு முன் கையைத் தூக்கினாள்.

“பிள்ளையையும் கூட்டிட்டுப் போலாமா அண்ணே?”

“பிள்ளை கடல்ல இருந்தா நீ நடுங்குற நடுக்கத்துக்கு ஷாஃப்ட்டு முறிஞ்சிரும்மா. கரையிலேயே கெடக்கட்டும்.”

கொழும்பில் வெங்காயத்தை இறக்கிவிட்டுத் திரும்ப மூன்று நாள். குழந்தையை விட்டு மூன்று நாள் என்று நினைத்த மாத்திரத்தில் டம்ளரில் இருந்த தண்ணீர் முழுவதும் தரைக்குப் போய்விட்டது. ஃபிட்டர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

பழைய எஞ்சினைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கி, தட்டுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்ற எஞ்சினைத் தோணிக்காரர் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். மாமியார் கத்ரீனா அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, தொட்டில் கயிற்றின் ஒரு முனையை அதன் புகைக்குழாயில் கட்டினாள். கடலுக்குப் போதாத அதிர்வு தொட்டிலுக்குப் போதுமானதாக இருந்தது. தொட்டில் ஆடியது. இவா தூங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் பகலில் தூங்குவது அதுதான் முதல் தடவை.

“எவ்வளவு பொறுமை பாத்தியா,” என்றாள் மாமியார். எஞ்சினைப் பற்றித்தான் சொன்னாள்.

டெல்பின் தோணியின் அடியில் எஞ்சின் இருந்த பலகைமேல் உட்கார்ந்து, தோணியின் விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட்டில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டாள். முதலில் ஷாஃப்ட் நடுங்கியது, பிறகு சுற்றியது. தோணியை நடத்துகிற தண்டல் சூசை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலிருந்து குனிந்து அவளுக்கு எரிபொருள் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இளம் தாய்மார்களுக்குக் கொடுக்கும் கையேடு அது.

“குழந்தைகள் விழுங்கக்கூடிய பொருட்கள்,” என்று சத்தமாக வாசிப்பார். “பட்டன். பட்டாணி. ஊக்கு. கடிகார பேட்டரி.”

பட்டாணியில் தோணியின் வேகம் ஐந்து நாட். பேட்டரியில் ஏழு.

மற்ற நேரங்களில் அவள் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு, தன் வேகத்தையும் சூட்டையும் மணிக்கு மணி குண்டு குண்டான கையெழுத்தில் எழுதிவந்தாள். அப்படி எழுதும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்ட வேண்டுமே என்று பயம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. வெங்காயம் இறங்கியது. திரும்பும் வழியில், ஊருக்கு இன்னும் பதினோரு மணி நேரம் இருக்கும்போது, மாமியார் போன் செய்தாள். ஆக்னல் ஒரு யோசனையும் இல்லாமல் போனைக் கீழே நீட்டிவிட்டான்.

“ஏட்டி, ஒண்ணும் பயப்படாத,” என்றாள் மாமியார். “பிள்ளை நல்லாருக்கா. நேரா நேரத்துக்குப் பால் குடிக்கா, சிரிக்கா, இப்பந்தான் தூங்குதா.”

டெல்பின் நம்பினாள். தோள்களுக்கு நடுவே ஏழு மாதமாக முறுக்கிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. நடுக்கம் நின்றது. தோணியும் நின்றது.

“யாருல எஞ்சினுக்கு நல்ல சேதி சொன்னது?” என்று தண்டல் மேலிருந்து சத்தம் போட்டார்.

பாயை ஏற்றினார்கள். காற்று இல்லை. பாய் கொடியில் போட்ட போர்வையைப் போலத் தொங்கியது. ஆக்னல் கீழே இறங்கி வந்து மனைவியின் எதிரில் குந்தினான்.

“ஏட்டி, சுறா வருது.”

“சரி.”

“தோணில ஓட்டை.”

“அடைச்சிருவீங்க.”

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தான். ஊக்கு வரை வந்துவிட்டான். “அதெல்லாம் மாமி எடுத்து வச்சிருப்பாங்க,” என்றாள் டெல்பின் நிம்மதியாக. தோணி மணியை அடித்துப் பார்த்தார்கள். எழுந்து நின்றாள், ஆனால் நடுங்கவில்லை. மறுபடியும் உட்கார வைத்தார்கள்.

அவளுக்கு நிலைமை புரியாமல் இல்லை. பயந்தால்தான் பிள்ளையிடம் போய்ச் சேர முடியும். பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது. இது பால் கொடுக்கிற நேரம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. கண்ணை இறுக மூடிப் பயப்படப் பார்த்தாள். பயம் வரவில்லையே என்று லேசாக ஒரு பயம் வந்தது. அதில் தோணி ஒரு முழம் நகர்ந்தது. அப்புறம் அதுவும் அணைந்துபோயிற்று. கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே பயத்தைப் போக்குவதற்கானவை. வரவைப்பதற்கு ஒன்றுகூட இல்லை.

வேண்டாத நேரத்தில் வாசல்வரை வந்து நிற்கிற பயம், வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. தன்னிடம் இருந்த ஒரே திறமையும் இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கையைத் தூக்கினாள்.

“ஏங்க, மாமிக்கு ஒரு போன் போடுங்க. நான் ஒண்ணு கேக்கணும்.”

மாமியார் எடுத்தாள்.

“மாமி, இவா என்னத் தேடினாளா?”

முன்னறையில் பழைய எஞ்சின் டுக்கு டுக்கென்று மெதுவாக ஓடுவது போனில் கேட்டது.

“கண்டிப்பா சொல்லணுமாட்டி?”

“சொல்லுங்க மாமி.”

“தேடல. நீ போன அன்னைக்குச் சாயங்காலம் கொஞ்சம் சிணுங்குனா. அதுக்கப்புறம் இல்ல. எந்நேரமும் எஞ்சினத்தான் பாத்துச் சிரிக்கா. நேத்து அதப் பாத்து ‘ம்மா’ன்னு சொன்னா.”

தோணி எகிறிய வேகத்தில் தண்டல் உட்கார்ந்துவிட்டார். பத்து நாட். முப்பத்தோரு வருடத்தில் வியாகுல மாதா அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. தொங்கிய பாய் பின்பக்கமாகப் புடைத்தது. அவசரமாக அதைச் சுருட்டினார்கள்.

“நல்ல மாமியாக்காரி,” என்றார் தண்டல், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. “எந்தச் சமயத்துல எதச் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கு.”

பதினோரு மணி நேரத் தூரத்தை ஏழில் கடந்தார்கள். டெல்பின் கைகால் கழுவாமல் வீட்டுக்கு ஓடினாள். கை கழுவாதது வாசற்படியில்தான் நினைவு வந்தது. திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தாள். இவா தொட்டிலில் விழித்துக் கிடந்தாள். எஞ்சினைப் பார்த்து, “ம்மா,” என்றாள். பிறகு டெல்பினைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். டெல்பினின் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

“டுக்கு டுக்கு,” என்று சொல்லி, இவா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

டெல்பினுக்கு அது போதுமாக இருந்தது. அவள் பால் கொடுத்து முடிக்கும்வரை பழைய எஞ்சின் ஓடாமல் மரியாதையாக நின்றிருந்தது.

அந்த வாரமே புதிய எஞ்சின் வந்தது. பச்சைப் பெயின்ட், பளபளப்பு. ஃபிட்டர் மச்சாது அதன் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். அலை எழவில்லை. கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“பயமே இல்ல,” என்றார் ஃபிட்டர். “இத வச்சு என்ன செய்ய?”

என்ன செய்வது என்று டெல்பினுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை அதைத் தன் பழைய கான்வென்ட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். சேர்க்கைப் படிவத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். அது பயப்படக் கற்காவிட்டால் மறுபடியும் அவள்தான் தோணியில் ஏற வேண்டும். சிஸ்டர் ஸ்கொலாஸ்டிகா எஞ்சினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். முதல் வாரம் அது யாரையும் மதிக்கவில்லை. இரண்டாவது வாரம் வீட்டுப்பாடத்தை முடிக்காமல் தூங்க மாட்டேன் என்றது. மூன்றாவது வாரம் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் எழுந்து நின்றது.

“ரெடி,” என்றார் ஃபிட்டர்.

தோணி புறப்படும் காலையில் டெல்பின் இவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாரோடு கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்தின் நுனியில் நின்றாள். எஞ்சினைத் தோணிக்குள் இறக்குவதற்கு முன் அதன் நெற்றியில் சிலுவை போட்டு விட்டிருந்தாள். வியாகுல மாதா சீராக நடுங்கிக்கொண்டே நகர்ந்தது.

“இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல,” என்றாள் மாமியார்.

டெல்பின் தலையாட்டினாள். தோணி சின்னதாகிக்கொண்டே போயிற்று. எஞ்சினுக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையேட்டைத் தண்டல் மெதுவாக வாசிப்பாரா? சிறியதாயிற்றே, பேட்டரியை ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் தாங்குமா? கை கழுவிவிட்டா இறங்கியது? இடுப்பில் இருந்த இவா தாயின் தோளில் தலை சாய்த்து, “டுக்கு டுக்கு,” என்று சொல்லித் தூங்கிப்போனாள்.

அவள் காலடியில் நடுங்கிய பாலம் ஒரு தடவை முனகியது. பிறகு கரையிலிருந்து கழன்று, தோணிக்குப் பின்னால் ஐந்து நாட் வேகத்தில் புறப்பட்டது.

மாமியார் கயிறு கட்டும் இரும்புக் குற்றிமேல் வசதியாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

“கொழும்புல வெயிலு சாஸ்தி,” என்றாள். “கொடைய எடுத்துட்டு வந்திருக்கலாம்.”