இரண்டு பெட்டி, ஒரே பெயர்

"அக்கா, நீ செஞ்ச ஃபாரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள் தங்கை சுனியாசி. "கீழ 'சாப்பாட்டு அலர்ஜி'ங்கிற எழுத்தத் தொட்டா, மேல மருந்து அலர்ஜிப் பெட்டிக்குள்ள போய் நிக்குது."

"ஒன் விரலு வாழப்பழம் கணக்கா இருந்தா ஃபாரம் என்ன பண்ணும்? பெட்டிக்குள்ளயே தொடு" என்றாள் ரஸ்பினி.

"ஆபரேஷனுக்குப் போறவகிட்ட பேசுற பேச்சா இது? சரி, எழுதி அனுப்பிட்டேன். போன வாங்கி வைக்கப் போறாங்க. வர்றப்ப வாய்க்கு ருசியா ஏதாச்சும் கொண்டா."

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான். ரஸ்பினி சிரித்துக்கொண்டே வேலைக்கு உட்கார்ந்தாள்.

பாலித் தீவின் டென்பசாரில் நாலு மேசை போட்ட சின்ன அலுவலகம் அது. அந்த ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் போனிலேயே நிரப்பும் படிவம் முழுக்க முழுக்க அவள் கைவேலை. போன மாதம் யாரோ ஒரு நோயாளிக்கு இறால் சம்பல் தின்று முகம் வீங்கிவிட, சாப்பாட்டு ஒவ்வாமைக்கும் ஒரு கேள்வி வேண்டுமென்று ஆஸ்பத்திரி சமையற்கூடத்திலிருந்து கேட்டார்கள். முதலாளி முதித்தா தலைமேல் நின்று அவசரப்படுத்த, இவளும் மளமளவென்று சேர்த்துக் கொடுத்தாள். அவசரத்தில் செய்த காரியம் என்றைக்கு உருப்பட்டிருக்கிறது?

தங்கை சொன்னது மனசின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று படிவத்தின் பக்கத்தைப் பிழை பார்க்கும் கருவியில் போட்டாள். முதித்தாவுக்கு இந்த வேலையே பிடிக்காது. "பேஜ் தெரியுதுல்ல? தெரிஞ்சாப் போதும். செவப்புக் கோட்டப் பாத்துட்டிருந்தா நம்ம பொழப்பு நடக்காது" என்பார்.

சிவப்புக் கோடு வந்தது. இரண்டு பெட்டிகளுக்கு ஒரே அடையாளம் கொடுத்திருக்கிறாய் என்றது. ஓ, இதுதானா? சாப்பாட்டு எழுத்தைத் தொட்டால் எந்தப் பெட்டி தன் பெட்டி என்று தெரியாமல் அது முதலில் கண்ட பெட்டிக்குப் போகிறது. பாவம், தங்கையின் விரல் மேல் தப்பில்லை. அடையாளத்தை மாற்றப் போனவளின் கண், அதே வரியில் பக்கத்திலிருந்த சொல்லில் விழுந்தது.

பெயர்.

மருந்துப் பெட்டியை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டியவள், மேலே தெரியும் எழுத்தை மட்டும்தான் மாற்றியிருந்தாள். உள்ளே இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர். அதற்குக் கருவி சிவப்புக் கோடு போடவில்லை. ஒரே பெயரில் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் இருக்கலாம், அது விதிப்படி சரிதான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பதில் வந்தால் அவள் அலுவலகத்து சர்வர் என்ன செய்யும்? பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் வந்ததைத் தூக்கி எறியும்.

ஒரு பொய் நோயாளியை உண்டாக்கிப் பார்த்தாள். மேலே 'பென்சிலின்'. கீழே 'இல்லை'. அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்கும் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ஒவ்வாமை, இல்லை.

சுனியாசிக்குப் பென்சிலின் ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கழுத்து வீங்கி, மூச்சுக்குத் தவித்ததை ரஸ்பினி பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த வகை மருந்தைத்தானே ஏற்றுவார்கள்?

தங்கையின் போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டு, பதற்றத்தில் தங்கையின் முதல் பெயரை மட்டும் சொன்னாள்.

"கெதுத்தா? எந்தக் கெதுத்தும்மா? பொம்பளைங்க வார்டுலயே ரெண்டு மூணு பேர் இருக்காங்க."

"கெதுத் சுனியாசி! அவளுக்கு ஊசி போடக் கூடாது!"

"இருங்க, வார்டுக்குக் குடுக்கறேன்" என்றது குரல். பிறகு வெறும் பாட்டுத்தான் ஓடியது. பாலியில் நாலாவதாகப் பிறந்தால் கெதுத். வீட்டுக்கு வீடு ஒரு கெதுத் உண்டு. இத்தனை நாள் அது அவளுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"அண்ணே, ஃபாரத்த சைட்லருந்து எடுத்துருங்க. இப்பவே!"

முதித்தா நிமிர்ந்து பார்த்தார். "நர்ஸுங்க வாய்விட்டுக் கேக்காமலா இருப்பாங்க? ஏன் பதறுற? எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லுங்க!"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். பெரிய கோயில் முனையில் சாலையை மறித்திருந்தார்கள். யாருக்கோ தகனம். உயரமான பாடைக் கோபுரத்தைச் சுமந்துகொண்டு, அந்தத் தீவின் வழக்கப்படி ஊரே சத்தம் போட்டுச் சிரித்தபடி வந்தது. கோபுரம் தட்டாமலிருக்க மின்கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிணம் போகும் வழியில் போயா நிற்க வேண்டும்? கெட்ட எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"விடுங்கண்ணே, தங்கச்சி ஆஸ்பத்திரியில..." என்று கட்டம்போட்ட வேட்டி கட்டிய ஊர்க்காவலனிடம் கெஞ்சினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வண்டிய இங்க போடு. சந்து வழியா ஓடு" என்றான்.

ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனது.

வார்டில் சுனியாசியின் கட்டிலைக் கண்டுபிடித்தாள். கண்மூடிக் கிடந்தாள். தலைக்கு மேலே கம்பியில் மருந்து பாட்டில்.

"நர்ஸம்மா! அதப் போடாதீங்க! அவளுக்குப் பென்சிலின் ஆகாது!"

நர்ஸ் தெசாக் திரும்பினாள். "இன்னும் தொறக்கலம்மா. இவங்க கைப்பட்டையில பொறந்த தேதி அழிஞ்சிருந்துச்சு. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு கெதுத். ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான் ஆபரேஷன். ஒரே பேரு இருந்தா தேதியப் பாக்காம நாங்க கைய வைக்க மாட்டோம். புதுப் பட்டை வரட்டும்னு நிறுத்தி வச்சேன்."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலியா?"

"கேக்காம என்ன? 'எல்லாம் ஃபாரத்துல இருக்கு, எங்கக்கா செஞ்ச ஃபாரம், பாருங்க'ன்னு அவ்வளவு பெருமையாச் சொன்னாங்க. பாத்தோம். இல்லன்னு இருந்துச்சு."

ரஸ்பினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதாள். தெசாக் பாட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"கைய வீசிக்கிட்டா வந்த?" என்றாள் சுனியாசி, கண்ணைத் திறக்காமலே. "ருசியா ஒண்ணும் இல்லியா?"

அவளை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. தங்கையின் கையைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சியபோதுதான் பக்கத்துக் கட்டிலில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ வறட் வறட்டென்று சொறிந்துகொள்ளும் சத்தம்.

அந்த இன்னொரு கெதுத் நடுவயசுக்காரி. அவள் தலைக்கு மேலும் ஒரு பாட்டில் தொங்கியது. அது சொட்டிக்கொண்டிருந்தது.

ரஸ்பினி எழுந்தாள். கேட்கவே பயமாக இருந்தது. "அக்கா... மருந்து அலர்ஜிப் பெட்டியில நீங்க என்ன எழுதுனீங்க?"

"அந்த ஃபாரம் செஞ்சது நீதானா?" அந்த அம்மாள் கழுத்தைத் தேய்த்தபடியே சிரித்தாள். "நல்லாருக்கும்மா, லேசா இருக்கு. மேல எனக்கு ஆகாத அந்தப் பென்சிலின் பேர எழுதினேன். கீழ சாப்பாட்டுக்கு இல்லன்னு..." நாக்குக் குழறியது. சிரித்த உதடு ஒரு பக்கமாகத் தடித்திருந்தது.

ரஸ்பினி போட்ட கூச்சலில் வார்டே எழுந்தது. தெசாக் ஓடி வந்து மருந்து சொட்டாமல் அடைத்தாள். டாக்டர் வந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே திரையை இழுத்து மூடினார்கள். வண்டிச் சக்கரச் சத்தமும் கண்ணாடிக் குப்பி உடையும் சத்தமும் திரைக்கு உள்ளேயிருந்து வந்தன.

பிறகு தெசாக்கின் குரல் மட்டும் கேட்டது. "கெதுத்! கெதுத்! கண்ணத் தொறங்க! கெதுத், கேக்குதா?"

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

"ம், கேக்குது" என்றாள் திரைக்கு இந்தப் பக்கம் தன் கட்டிலில் சுனியாசி, அரைத் தூக்கத்தில். "முழிச்சுத்தான் இருக்கேன்."