மூன்று எப்போது இருபதாகும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ஷேர் ஜீப்பில் பக்கத்து சீட்டில் இருந்த ஆனந்தி சொன்னது. கணக்கில் பி.எட். முடித்து நாலு வருஷமாக வேலை தேடுகிறவர். பாதியில் அவர் ஊர் வந்துவிட்டது; மீதியைப் போனில் கேட்டேன். எனக்கு மடக்கை, அதாவது லாக், பத்தாம் வகுப்பிலேயே... (பதினொன்றாம். எந்த வகுப்பென்றே தெரியாதவன் எழுத வந்துவிட்டேன்.)

2

"ஜவ்வாது மலையைப் பனி மூடியிருந்த காலையில் ஆனந்தி..."

அடித்துவிட்டேன். நல்ல வெயிலாம்.

அடிவாரத்துத் தனியார் பள்ளியொன்றில் வேலைக்கான மாதிரி வகுப்பு. கடைசி பெஞ்சில் தாளாளர் ராஜவேலு. ஆனந்தி கையில், அதுவரை தொட்டேயிராத, வரைபடம் போடும் கால்குலேட்டர். மூன்றை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இருபது வரும்? இருபதின் லாகை மூன்றின் லாகால் வகுக்க வேண்டும். அழுத்தினார். 1.62.

"இது தப்புங்க."

"மிஷின் எப்படிம்மா தப்பா சொல்லும்? வெல இன்னா தெரியுமா?"

"மூணை ரெண்டு தடவை போட்டுப் பெருக்குனா ஒம்போது, மூணு தடவை போட்டா இருபத்தேழு. இருபது நடுவுல கீது. அப்போ ரெண்டுக்கு மேலதானங்க வரணும்?"

லாக் பொத்தானை அழுத்தினால் அந்த மிஷின் தானாக ஓர் அடைப்பைத் திறக்கும். மூடுவது நம் பொறுப்பு. மூடாவிட்டால் வகுத்தலும் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். (இந்த மூன்று வரிக்கு ஏழு தடவை போன் போட்டேன். இன்னும் பாதிதான் புரிகிறது.) ஆனந்தி அதைக் கண்டுபிடித்து மூடினார். 2.73.

"சரி, போன் பண்றோம்" என்றார் ராஜவேலு.

3

பண்ணவில்லை. பத்து நாள். பொறுக்காமல் கதையில் நானே ஒரு போனை வரவழைத்து எழுதி, ஆனந்திக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

"இன்னா சார், வேலையை நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க? அழிங்க."

அழித்தேன்.

பதினோராம் நாள் ஆனந்தியே பள்ளிக்குக் கேட்கப் போனார். அதே வகுப்பில் புது வாத்தியார் கோகுலகிருஷ்ணன். பலகையில் அதே கணக்கு. விடை 1.62. நாற்பது பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

4

முடிவு அ: ஆனந்தி உள்ளே போய்த் திருத்துகிறார். (வேலை கிடைக்காத பொறாமை என்பார்கள்.)

முடிவு ஆ: திரும்பி வந்து ஜீப் ஏறுகிறார். (அந்த நாற்பது பேர்?)

முடிவு இ: ராஜவேலு தற்செயலாக அந்தப் பக்கம்... சே.

"நெஜமா இன்னாதாங்க பண்ணீங்க?"

"அத்த சொல்ல மாட்டேன். நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க சார்?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான்கு நாளாக நான் அந்த வகுப்பு வாசலிலேயே நிற்கிறேன். போதும், இனி நீங்கள் நில்லுங்கள். ஆனால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண் ஸ்கேல் வைத்து விடைக்குக் கீழே கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.